பதினோரு அடி வட்டம்

அமிர்தவள்ளி காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த நிமிடத்திலிருந்து அவளைச் சுற்றிப் பதினோரு அடிக்குள் இருக்கும் எல்லோருடைய கையும் பிசகாமல் வேலை செய்யும். பால்காரர் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றிவிட்டுப் போவார். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சமீருல்லா ஆம்பூர் பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடையில் முடியாமல்போன போன்களை வீட்டுக்கு எடுத்துவந்து, விடிந்தும் விடியாமலும் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து, முடியளவு கம்பியை ஒரே தொடுப்பில் ஒட்டிவிடுவார். ஆறு மணிக்குப் புகழேந்தி முகம் மழிப்பான். கல்யாணமாகி நான்கு வருடத்தில் பிளேடு அவனை ஒரு முறைகூடக் கீறியதில்லை. பிளேடு நல்ல பிளேடு என்று அவன் நினைத்துக்கொண்டான். ஆறரைக்கு இரண்டு டிபன் பாக்ஸில் ஒரே குழம்பு. ஏழு மணிக்கு அவள் தண்ணீர் டேங்க் முனைக்கு நடந்துபோய்க் கம்பெனி பஸ் ஏறுவாள். ஏழரைக்கு அவன் பைக்கில் கிளம்புவான். இருவரும் போனது ஒரே ஷூ கம்பெனிக்கு. பைக்கின் பின் சீட் காலியாகத்தான் இருந்தது. அவள் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அவன் வேலூர் ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து, விழுந்த பேப்பர்களை ஐந்தாம் வருடத்தில் எழுதி முடித்தவன். கம்பெனியில் நேரம் அளக்கும் பிரிவில் வேலை. கழுத்தில் ஸ்டாப் வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு தையலுக்கு எத்தனை விநாடி, ஒரு திருப்பத்துக்கு எத்தனை விநாடி என்று குறித்துவைப்பான். அவள் பேரணாம்பட்டில் அவனுடைய தாய்மாமன் ஆதிகேசவனின் மகள். மூன்றாவது படிக்கும்போது பீடி சுற்றக் கை போதவில்லை என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். உரிமைப் பெண் என்று சிறு வயதிலேயே பேசி வைத்தது, 2019இல் கல்யாணமாக முடிந்தது. பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கல்லூரிச் சிநேகிதர்கள் கேட்டபோது, டிஸ்கன்டினியூ என்று சொன்னான். எதை என்று சொல்லவில்லை. அவர்கள் பி.எஸ்சி. என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அப்படி எடுத்துக்கொண்டது அவனுக்கும் தெரியும்.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, கை நமநமவென்கிறது என்று அவள்தான் வேலைக்கு வரக் கேட்டாள். நான்காம் லைன் சூப்பர்வைசர் லியாகத் அலியிடம் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிச் சேர்த்துவிட்டான். அதிகாரிகளுக்குச் சாப்பாட்டு அறை தனி, தொழிலாளிகளுக்குத் தனி. அதனால் ஆபீஸில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பாத்திரம் கழுவும் அம்மாள் மட்டும் இரண்டு அறையிலிருந்தும் வந்த டிபன் பாக்ஸ்களில் ஒரே கத்திரிக்காய்க் குழம்பைப் பார்த்துவிட்டாள். மூன்றாம் நாள் நானூறு பெண்களுக்கும் தெரிந்துபோயிற்று.

ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் வேலை அவளுக்கு. துணி என்றால் பிரித்துத் தைத்துவிடலாம். தோலில் ஊசி இறங்கிய இடம் ஓட்டை, அதை யாராலும் மூட முடியாது. மூக்குப் பகுதியில் இரட்டைத் தையல் வளையும் இடத்தில் ஊசி தோலுக்குள் இருக்கும்போதே தோலைத் திருப்ப வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அது கைவர மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை கூடை கூடையாக ரிஜெக்ட் விழும். அமிர்தவள்ளிக்கு அது முதல் நாளே வந்தது. பீடி இலையை மடித்த விரல் என்று லியாகத் அலி சொன்னார். அன்று மத்தியானமே அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்த பெண்ணுக்கும் வந்தது. பிறகு முன்னால் இருந்தவளுக்கு, பின்னால் இருந்தவளுக்கு. ஒன்பது நாள் அவளருகே உட்கார்ந்தவர்கள் வேறு எங்கே போய் உட்கார்ந்தாலும் அந்தக் கை போகவில்லை. அவள் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். கொரோனா வந்து கம்பெனி ஐந்து மாதம் மூடிக் கிடந்தபோது அவர்கள் குடியிருந்த லைன் வீட்டின் ஏழு குடித்தனமும் முடிவெட்டக் கற்றுக்கொண்டது. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வெட்டிக்கொண்டு போனார்கள்.

2022இல் நான்காம் லைன் ஒரு நாளைக்கு அறுநூற்று நாற்பது ஜோடி கொடுத்தது. மற்ற லைன்கள் நானூற்று முப்பதைத் தாண்டவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கப் புகழேந்தியை அனுப்பினார்கள். அவன் ஸ்டாப் வாட்சோடும் டேப்போடும் மூன்று வாரம் நின்றான். அவளுடைய எந்திரம் நாற்பத்தேழாம் எண். அதை மையமாக வைத்து நான்கு பக்கமும் அளந்தான். பதினோராவது அடிவரை தையல் நூல் பிடித்தாற்போல் இருந்தது. பன்னிரண்டாவது அடியில் வழக்கம்போலக் கோணல். எந்திரத்தை மாற்றிப் பார்த்தான், விளக்கை மாற்றிப் பார்த்தான். கடைசியில் அவளை இரண்டாம் லைனுக்கு மாற்றினான். வட்டம் அவளோடு போயிற்று. திரும்ப நாற்பத்தேழுக்குக் கொண்டுவந்தான், வட்டமும் திரும்பி வந்தது. கணக்கில் சந்தேகம் இல்லை. முதலாளி வக்கார் அகமது அழைத்து என்ன காரணம் என்று கேட்டபோது, புகழேந்தியின் வாயில் அவள் பெயர் வந்து நின்றது. மூன்றாவது வரை படித்தவள். அதைச் சொன்னால் அவள் யார் என்ற கேள்வி அடுத்து வரும். நேரம் அளக்கும் பிரிவே தண்டச் செலவு, மூடிவிடலாம் என்று அப்போது பேச்சும் அடிபட்டுக்கொண்டிருந்தது. புது ட்ரெய்னிங் முறை ஒன்று செய்து பார்க்கிறேன் சார் என்று சொன்னான்.

முப்பத்திரண்டு பக்கம் இங்கிலீஷில் அறிக்கை எழுதினான். புதிதாகச் சேருபவர்களை நாற்பத்தேழாம் எந்திரத்தைச் சுற்றிய பதினாறு எந்திரங்களில் ஒன்பது நாள் உட்காரவைக்க வேண்டும் என்பது சாரம். எந்திரங்களின் இடைவெளி, வெளிச்சம், பார்வைக் கோணம் என்று காரணங்களை அடுக்கியிருந்தான். எல்லாமே படிக்க நன்றாக இருந்தன. தரையில் மஞ்சள் பெயின்டில் வட்டம் போட்டார்கள். அவனைத் துணை மேனேஜர் ஆக்கினார்கள். அன்று சாயங்காலம் அமிர்தவள்ளி அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"என் பேரு எங்க வருது மாமா?"

"மெஷின் நம்பர் வருது."

"நாப்பத்தேழா?" என்றாள். கொஞ்ச நேரம் படங்களைப் பார்த்தாள். "சரி வுடு. நல்ல நம்பர்தான்."

ஒவ்வொரு லைனின் தலைமாட்டிலும் ஒரு போர்டு உண்டு. தொழிலாளியின் பெயருக்கு நேரே ஒரு வட்டம் இருக்கும். வேலை கற்க வந்தவருக்குக் கால் பாகம் கறுப்பு, தேர்ந்தவருக்கு அரை, மேலே போகப் போக முக்கால், முழுசு. பெண்கள் அதை நிலா போர்டு என்றார்கள். முழு நிலாவுக்குப் பத்தாவது பாஸ் சர்டிபிகேட் வேண்டும் என்பது கம்பெனி விதி. முக்கால் நிலாவுக்கு எட்டாவது. அமிர்தவள்ளிக்கு அரை நிலா. மார்க்கரால் அதை அடைத்தவன் புகழேந்தி. விதியில் விலக்குக் கேட்க மேனேஜருக்கு இடம் இருந்தது. கேட்டால் சொந்தக்காரி என்று பேச்சு வரும் என்று அவன் கேட்கவில்லை. பேச்சு வருவதற்கு ஆபீஸில் யாருக்குமே விஷயம் தெரியாது என்பதை அவன் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த வருடங்களில் படித்த பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பி.ஏ., பி.காம்., ஒரு பி.எட். கூட. வாணியம்பாடியில் பி.காம். முடித்த முபஷ்ஷிரா அமிர்தவள்ளிக்கு வலப்பக்கம் நாற்பத்தெட்டாம் எந்திரத்தில் உட்கார்ந்தாள். வேலைச் சீட்டைப் படித்து அதிலிருந்த அளவுத் தவறை அவள்தான் பிடித்தாள். முந்நூறு ஜோடி வீணாகாமல் தப்பியது. இரண்டாம் மாதமே அவளுக்கு முழு நிலா. போர்டைப் பார்த்துவிட்டு அவள் அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. பின் வரிசையில் இருந்த கௌசர் விடவில்லை.

"ஏம்மா, அரை நிலாகிட்ட கத்துக்கினவ முழு நிலா. அப்ப அமாவாச எங்க இருக்குது?"

"ஆபீஸ்ல. ஃபேனுக்கடில," என்றாள் இன்னொருத்தி.

அமிர்தவள்ளியும் சேர்ந்து சிரித்தாள். அந்தப் பக்கமாக ஸ்டாப் வாட்சோடு போன புகழேந்திக்கு அது கேட்டது. கேட்காததுபோல நடந்தான்.

2023 ஆகஸ்டில் வெளிநாட்டு வியாபாரி ஒருவர் வந்தார். மூன்று மடங்கு ஆர்டர் தருவதாகப் பேச்சு. வேலூரில் ஒரு ஹோட்டலில் கூட்டம். புகழேந்தி கோட்டு வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு தன் முறையைத் திரையில் படம்படமாக விளக்கினான். மாதிரித் தொழிலாளிகள் என்று பத்துப் பெண்களை வேனில் கூட்டிவந்து, கையில் ஆளுக்கொரு ஷூவோடு மேடையில் வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள். அமிர்தவள்ளி நான்காவதாக நின்றாள். முபஷ்ஷிரா ஐந்தாவது. அந்த மேடையைச் சுற்றி அன்று எதுவும் தவறவில்லை. மைக் கரகரக்கவில்லை, போட்டோக்காரர் ஒரே படத்தில் பத்துப் பேர் கண்ணும் திறந்திருக்க எடுத்தார், டீ கொண்டுவந்த பையனின் தட்டு ஆடவில்லை. வியாபாரி எல்லோர் கையையும் குலுக்கிவிட்டுத் திரும்பி, இவர்களில் மிகச் சிறந்தவர் யார் என்று புகழேந்தியிடம் இங்கிலீஷில் கேட்டார். அமிர்தவள்ளி மூன்றடி தள்ளி நின்றாள். அவர் அடுத்து ஏதாவது கேட்டால் அவளுக்குப் பதில் சொல்ல வராது என்று புகழேந்தி நினைத்தான். அவன் கை நீண்டது. அவளைத் தாண்டி முபஷ்ஷிராவைக் காட்டியது. கைதட்டினார்கள். அமிர்தவள்ளியும் ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினாள்.

அன்று சாயங்காலம் சோறு போடும்போது கேட்டாள்.

"அந்த வெள்ளக்காரரு இன்னா கேட்டாரு மாமா?"

"யாரு நல்லா தைப்பாங்கன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"எல்லாருமேன்னு சொன்னேன்."

அவள் சரி என்று சொல்லிக் குழம்பை ஊற்றினாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். போதும் என்றான். அவ்வளவுதான் நடந்தது. பிறகு மூன்று மாதம் எல்லா நாளும் போலத்தான் போயிற்று. அந்த மூன்று மாதத்தில் சொல்லிவிடப் போதுமான நாள் இருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்றுகூட அவன் பின்னால் எண்ணிப் பார்த்தான்.

நவம்பரில் அவளுக்கு டெங்கு வந்தது. நான்காம் நாள் ரத்த அணுக்கள் இறங்கிவிட, வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் இருந்தாள். அந்த வார்டில் அந்த மூன்று நாளும் பயிற்சி நர்சுகள் முதல் குத்தலிலேயே நரம்பைப் பிடித்தார்கள். அக்கம்பக்கத்துப் படுக்கைகளில் ஒருவருக்கும் இரண்டாம் முறை ஊசி குத்த வேண்டியிருக்கவில்லை. டாக்டர்கள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் இறந்துபோனாள். அவளுக்கு இருபத்தேழு வயது. ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். குழி அளவெடுத்தாற்போல இருந்தது என்று தூக்கி வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை முகம் மழிக்கும்போது புகழேந்தியின் தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடித்து அவன் வேலைக்குத் திரும்பியபோது புது ஆர்டருக்காக அறுபத்திரண்டு பேரை எடுத்திருந்தார்கள். மஞ்சள் வட்டத்தில் பதினாறு பதினாறாக உட்காரவைத்தார்கள். ஒன்பது நாள் ஆயிற்று, பன்னிரண்டு நாள் ஆயிற்று. ரிஜெக்ட் கூடைகள் வாசல்வரை நின்றன. பழையவர்கள் கை பழையபடியே ஓடியது, புதியவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. நாற்பத்தேழாம் எந்திரத்தில் யாரோ ஒரு எம்.ஏ. படித்த பெண் உட்கார்ந்து, திருப்பத்தில் தோலைக் கிழித்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். வக்கார் அகமது அவனை அறைக்குக் கூப்பிட்டார். அறிக்கை மேஜைமேல் இருந்தது. உன் முறைதானே, ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தோல் விலை கேட்பதுபோலக் கேட்டார்.

"அது முறையில்ல சார். ஆளு."

"யாரு?"

"நாப்பத்தேழு," என்றான் புகழேந்தி. பிறகு, "என் சம்சாரம் சார்," என்றான்.

வக்கார் அகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவன் முழுவதையும் சொன்னான். டேப் பிடித்து அளந்தது, பெயர் எழுதாதது, வேலூரில் கை நீட்டியது. சொல்லச் சொல்ல லேசாகிவிடும் என்று நினைத்திருந்தான். ஆகவில்லை. தன்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தான், கொஞ்சம் ஆசைப்பட்டான் என்றுகூடச் சொல்லலாம். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அடக்கமா, தகனமா?" என்று கேட்டார்.

"அடக்கம் சார். ஆத்தங்கரையில."

டிரைவரிடம் டேப் ஒன்று எடுத்துவரச் சொன்னார். புதிதாகச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர், கையால் தைக்கும் ஊசி, தோல் துண்டுகள், எல்லாம் காரில் ஏறின. ஆற்றங்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். அந்த இரண்டு பெண்களையும் மண்மேட்டின் பக்கத்தில் உட்காரவைத்துத் தைக்கச் சொன்னார். தையல் கோடு போட்டாற்போல வந்தது. பின்னால் நகர்த்தி நகர்த்தி உட்காரவைத்தார்கள். பன்னிரண்டாவது அடியில் கோணிக்கொண்டது. நான்கு பக்கமும் அப்படியே. டேப்பின் ஒரு முனையைப் புகழேந்திதான் பிடித்திருந்தான். வக்கார் அகமது இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்திக் கொஞ்ச நேரம் துவா செய்தார். முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஷெட் போடுகிற ஆளைக் கூப்பிட்டார்.

பஞ்சாயத்து ஒப்புக்கொண்டது. ஊருக்கு வேலை கிடைக்கும் என்பதால் ஒருவரும் மறுக்கவில்லை. ஆதிகேசவன் மட்டும் பேரணாம்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, மகளின் மண்மேட்டருகே குந்தி உட்கார்ந்துகொண்டு, முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் மருமகனிடம் பேசினார்.

"என் பொண்ணு பேருக்கு நேரா அரை நிலாதான் போட்டுக்குதாமே. பொங்கலுக்கு வந்தப்போ சொல்லிச்சு. சிரிச்சிக்கினுதான் சொல்லிச்சு. அத்த ரொப்பிட்டு வந்து எடம் கேளு மாப்ள."

விதி குறுக்கே நின்றது. இறந்துபோன, மூன்றாவது படித்த ஒருத்திக்கு முழு வட்டம் போடக் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. சர்டிபிகேட் எண் கேட்டது. விலக்குக் கேட்டு இரண்டு நாள் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் காலை டீ நேரத்தில் புகழேந்தி மார்க்கரை எடுத்துக்கொண்டு நான்காம் லைனுக்குப் போனான். பெண்கள் கையில் டம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமிர்தவள்ளி என் மனைவி என்று சொன்னான். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ட்ரெய்னிங் முறை என்று ஒன்று இருந்ததே இல்லை, எல்லாம் அவள்தான் என்றான். அதற்கும் யாரும் ஆச்சரியப்படவில்லை. இத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் இத்தனை நாள் ஒளித்துவைத்திருந்தோம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மார்க்கர்ல மை கீதா பாத்துக்கோ சார்," என்றாள் கௌசர். "பாதில நின்னுடப் போவுது."

மை இருந்தது. வட்டத்தைத் தாண்டிக் கறுப்பு வெளியே வழிந்தது. அப்படியே விட்டுவிட்டான். யாரும் அதைத் துடைக்கவில்லை. லியாகத் அலி மட்டும் கிட்டே வந்து, மற்றவர்கள் கவனிக்காதபடி அவன் தோளைத் தொட்டுவிட்டு, தெரிந்த பெண் என்று சொல்லித்தானே சேர்த்தாய் என்றார்.

2024 சித்திரையில் ஷெட் எழுந்தது. தகரக் கூரை, பதினாறு எந்திரம், ஆற்றங்கரைக் கம்பத்திலிருந்து கரண்ட். நடுவில், மண்மேடு இருந்த இடத்தில், சிமென்ட் மேடை. புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவரும் ஒன்பது நாள் அங்கே உட்கார்ந்து எழுந்து வருகிறார்கள். வரும்போது கை வந்துவிடுகிறது. கம்பெனியின் எட்டு லைன்களும் இப்போது அறுநூறுக்கு மேல் கொடுக்கின்றன. அறிக்கையின் அட்டையில் இன்னமும் புகழேந்தியின் பெயர்தான் இருக்கிறது. அந்த வியாபாரியின் நாட்டில் அதை அச்சடித்துப் பரப்பிவிட்டார்கள், இனி மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. துணை மேனேஜர் வேலையை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தான். வக்கார் அகமது கடிதத்தை வாங்கி மேஜை டிராயரில் போட்டார், அவ்வளவுதான். ஷெட் ஓரமாக ஆடு மேய்க்கிறவர்கள் முறுக்கும் கயிற்றுக்குச் சந்தையில் தனிக் கிராக்கி. மழைக்காலத்தில் ஷெட் பக்கம் ஒதுங்கும் பீடி ஏஜெண்டுகள் கட்டுக் கணக்கைத் தப்பில்லாமல் முடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதெல்லாம் இப்போது பேச்சே இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பதினோரடி என்று பெயர் வந்துவிட்டது. கண்டக்டர் அப்படித்தான் டிக்கெட் கொடுக்கிறார்.

முபஷ்ஷிராவை ஷெட்டுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். ஒரு மத்தியானம் புகழேந்தி சிமென்ட் மேடையருகே நின்றுகொண்டிருந்தபோது அவள் வந்து, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். அமிர்தவள்ளிக்குப் பள்ளிக்கூடத்தோடு மறந்துபோன எழுத்து திரும்ப வந்துவிட்டிருந்தது என்றாள். முதலில் வேலைச் சீட்டில் அளவு எண்கள். அப்புறம் நிறங்களின் பெயர். பிறகு வடை மடித்து வந்த தினசரித் தாள், தமிழும் இங்கிலீஷும். கடைசி வருடத்தில் வேலைச் சீட்டை அமிர்தவள்ளிதான் வரிசைக்குச் சத்தமாக வாசித்துக்காட்டுவாளாம்.

நீ சொல்லிக்கொடுத்தாயா என்று புகழேந்தி கேட்டான்.

"இல்ல சார். நான் ஒண்ணும் பண்ல. பக்கத்துல உக்காந்திருந்தேன். அக்காகிட்டேர்ந்து எனக்குத் தையல் வந்த மாதிரி, எங்கிட்டேர்ந்து அக்காவுக்கு அது போய்ருக்கு." பதினோரடியைக் குறிக்கத் தரையில் போட்டு அழிந்துபோயிருந்த சுண்ணாம்புக் கோட்டை அவள் பார்த்தாள். "நீங்க டேப்ப ஒரு பக்கந்தான் புடிச்சீங்க சார்."

"எப்பலேர்ந்து?"

"வேலூர் ஹோட்டலுக்குப் போனதுக்கு முன்னாடியே." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அவரு இங்கிலீஷ்ல கேட்டது அக்காவுக்குப் புரிஞ்சிது. வேன்ல வரும்போது எங்கிட்ட சொன்னாங்க. கோவமெல்லாம் இல்ல சார்."

கோபமாக இருந்தது என்று அவள் சொல்லியிருக்கலாம் என்று புகழேந்திக்குத் தோன்றியது. அன்று சோறு போடும்போது, பதில் தெரிந்துகொண்டே அவள் கேட்டிருக்கிறாள். அவன் பொய் சொன்னதும் குழம்பு ஊற்றியிருக்கிறாள். எழுத்து வந்ததை அவனிடம் ஏன் சொல்லவில்லை என்பதை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் ஒரு நாளும் அவளிடம் படிப்பைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ஷெட்டின் சுவரில் இப்போது ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். அமிர்தவள்ளியின் கடைசி வார்த்தைகள் என்று தலைப்பு. நீங்கள் எல்லோரும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், கம்பெனி உங்கள் குடும்பம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆபீஸில் யாரோ எழுதியது. அவள் சாகும்போது புகழேந்தியைத் தவிரக் கம்பெனி ஆட்கள் ஒருவரும் அங்கே இல்லை. பயிற்சிக்கு வருகிற பெண்கள் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டுகிறார்கள். புகழேந்தி அதைக் கழற்றச் சொல்லவில்லை. கழற்றினால் உண்மையில் என்ன சொன்னாள் என்று கேட்பார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலை, சிகிச்சைக்குச் சம்மதம் என்று ஒரு தாள் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த பெண் ஒரு கையில் பேனாவும் ஒரு கையில் மைப்பெட்டியும் வைத்திருந்தாள். கையெழுத்தா, ரேகையா என்று கேட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமிர்தவள்ளி கண்ணைத் திறப்பதற்குள் புகழேந்தி, ரேகைதான் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, மைப்பெட்டியை வாங்கி, அவளுடைய இடது கட்டைவிரலைப் பிடித்தான். அவள் விரலை மெதுவாக விடுவித்துக்கொண்டு பேனாவுக்குக் கை நீட்டினாள். ஏழு எழுத்தையும் முழுசாக எழுதினாள். பழக்கதோஷத்தில் அவன் கண் கடிகாரத்துக்குப் போயிற்று. நான்கு நிமிடம் பத்து விநாடி. அந்தத் தாளின் நகல் அவனிடம் இருக்கிறது. எழுத்துகள் ஒரே அளவில், கோட்டின்மேல் நேராக நிற்கின்றன. எழுதி முடித்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு குழாய் வைத்துவிட்டார்கள், மூன்று நாளும் பேசவில்லை. ஆகவே எழுதத் தொடங்குவதற்கு முன்னால் அவனைப் பார்த்துச் சொன்னதுதான் அவள் கடைசியாகச் சொன்னது.

"எழுதுவேன் மாமா. கொஞ்சம் நேரம் ஆவும், அவ்ளோதான்."